தேய்ந்த கடிகாரம்: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?



புதுச்சேரியின் பழைய கடைகள் சிலவற்றில் கல்லாவுக்கு மேலே சாவி கொடுக்கும் சுவர்க் கடிகாரம் இன்றும் தொங்குகிறது. என் மண்டியில் இருப்பது தகப்பனார் வாங்கியது. ஒரு முறை சாவி கொடுத்தால் எட்டு நாள் ஓடும். போன வருடம் இரண்டே நாளில் நிற்க ஆரம்பித்தது. “மிஷினைக் கழற்றிப் போட்டுவிட்டு பேட்டரி மிஷின் வைத்துத் தருகிறேன், செலவு குறைவு” என்றார் ஒருவர்.

நேரம் மட்டும் போதுமென்றால் அவர் சொன்னது சரிதான். நொடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் கல்லோடு பெண்டுலம் போட்டி போட முடியாது. ஆனால் சரக்கைக் கழிப்பதற்கு முன் சேதம் எங்கே, எவ்வளவு என்று பார்ப்பவன்தானே வியாபாரி?

வேறொரு ரிப்பேர்காரர் பிரித்துக் காட்டினார். பல் சக்கரங்கள் நன்றாகவே இருந்தன. பழைய எண்ணெயில் தூசி சேர்ந்து அரைத்து, அச்சு முனைகள் சுழலும் பித்தளைத் தகட்டின் துளைகள்தான் அகன்றுவிட்டன. அச்சு சாய்கிறது, பற்கள் சரியாகக் கவ்வவில்லை, ஸ்பிரிங்கின் விசை வழியிலேயே வீணாகிறது. துளையைச் சீராக்கி புதிய புஷ் அடித்தார். தீர்ந்தது.

நமக்குத் தெரியாத கணக்கல்ல இது. தராசின் கத்தி முனை தேய்ந்தால் கத்தியைச் சரி செய்து முத்திரை வாங்கினோமே தவிர, தராசையே வீசிவிடவில்லை.

ஆகவே என் கருத்து இதுதான். துளைகள் மட்டும் தேய்ந்திருந்தால் பழுது பாருங்கள். ஸ்பிரிங் அறுந்திருந்தால் அதே அளவில் வேறு போடுங்கள். பல சக்கரங்களில் பல் போயிருந்தால், பொருந்தக்கூடிய சாவி மிஷின் தேடி மாற்றுங்கள். அதற்கும் கை கொடுக்காவிட்டால் பேட்டரி வையுங்கள். ஆனால் பழைய மிஷினை எடைக்குப் போடாதீர்கள்.

எதைச் செய்தாலும் தாமதம் கூடாது. ‘ஓடுகிற வரை ஓடட்டும்’ என்று விட்டால் அச்சு முனையும் வெட்டுப்படும், கூலி ஏறும். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கடற்கரைச் சாலையில் எழுந்த மேரி கட்டிடம் 2014 நவம்பரில் மழையில் இடிந்து விழுந்தது. அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டி, 2021-ல்தான் திறந்தார்கள். பழையதைக் காலத்தில் கவனிக்காவிட்டால் பழுது பார்க்கும் வாய்ப்பே போய்விடும் என்பதற்கு நம் கண்ணெதிரே அது சாட்சி.

உப்புக் காற்று வீசும் ஊர் இது. சில வருடங்களுக்கு ஒருமுறை கழுவி எண்ணெய் இடச் செய்யுங்கள். என் மண்டிக் கடிகாரத்துக்கு இப்போது வெள்ளிக்கிழமைதோறும் கடை திறந்ததும் சாவி கொடுக்கிறேன். அடுத்த வெள்ளி வரை நிற்பதில்லை.