வரத்து இல்லாத சொல்

நம் வீடுகளில் அன்றாடம் வழங்கும் ஆங்கிலச் சொற்களுள் 'டேங்க்' என்பதைப் போலப் பெருவயிறு படைத்தது பிறிதொன்று இல்லை. மாடியில் வைத்த பிளாஸ்டிக் தொட்டி டேங்க். மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் நிற்கும் இடம் டேங்க். வண்ணமீன் நீந்தும் கண்ணாடிப் பெட்டியும் டேங்க். மலக்கழிவு தேங்கும் குழி செப்டிக் டேங்க். போர்க்களத்தில் குண்டு பொழியும் இரும்பு ஊர்தியும் அதுவே. இவ்வளவோடு அச்சொல் நின்றிருந்தால் இக்கட்டுரைக்கு வேலை இல்லை. ஊருக்குச் சோறு போடும் கண்மாயும் டேங்க், பள்ளிவாசலின் ஹவுழும் டேங்க் என்று நம்மவர் நாவில் வழங்கத் தொடங்கிய பின்னும் வாளாவிருத்தல் தகாது.

முதலில் அச்சொல்லின் பிறப்பை அறிவோம். ஆங்கிலேயர் அதைத் தம் நாட்டிலிருந்து கொண்டு வரவில்லை. குஜராத்தி, மராத்தி மொழிகளில் நீர்த்தொட்டியைக் குறிக்கும் சொல்லிலிருந்து பெற்றனர் என்பர் ஒரு சாரார். போர்த்துகீசியரின் 'டாங்க்கெ' என்னும் சொல்லே மூலம் என்பர் மற்றொரு சாரார். இரண்டும் கலந்தே ஆங்கிலத்தில் நிலைத்தது என்பாரும் உளர். நம்மவருள் சிலர், 'தாங்கல்' என்னும் தமிழ்ச் சொல்லே டேங்க் ஆயிற்று என்று மேடையில் முழங்குவர். ஒலி ஒத்திருப்பது மட்டுமே சான்றாகாது. சான்றில்லாப் பெருமை நமக்கு வேண்டியதுமில்லை.

இரும்பு ஊர்திக்கு அப்பெயர் வாய்த்த கதை இன்னும் சுவையானது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷார் அந்த ஊர்தியை மறைவாகச் செய்தனர். பகைவர் அறியாதிருக்க, மெசபடோமியா நாட்டுக்கு அனுப்பவிருக்கும் தண்ணீர்த் தொட்டி என்றொரு கதை கட்டினர். 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சு நாட்டில் சோம் போர்க்களத்தில் அது முதன்முதலாக இறங்கிய போதுதான் தொட்டிக்குள் இருந்தது நீரன்று, நெருப்பு என்று உலகம் அறிந்தது. உள்ளே இருப்பதை மறைப்பதற்கு இச்சொல் எத்துணை வசதியானது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், வத்திராயிருப்புக்கு அருகே பிளவக்கல் இருக்கிறது. அங்கே பெரியாறு, கோவிலாறு என்னும் இரண்டு அணைகள் 1970களில் எழுந்தன. அணை திறந்தால் நீர் நேரே வயலுக்கு மட்டும் போவதில்லை. ஏறத்தாழ நாற்பது கண்மாய்களுக்குப் போய்ச் சேர்கிறது. அணை அண்மைக் காலத்தது. கண்மாய்கள் நம் பாட்டன்மாருக்கும் பாட்டன்மார் காலத்தவை. அதே பகுதியில் கான்சாபுரம் என்றோர் ஊரும் உண்டு. மதுரைச் சீமையை நிருவகித்து 1764இல் தூக்கிலிடப்பட்ட கான்சாகிபு யூசுப்கானின் பெயரால் அமைந்தது அது என்பது ஊர்வழக்கு. மலைநீரும் நெல்லும் கண்மாயும் அப்பகுதியில் நம் சமுதாயத்துக்கும் உரிய சரித்திரம் என்பதை இதனால் உணரலாம்.

கண்மாய் என்று ஒருவன் சொன்னால் அச்சொல் தனியே வருவதில்லை. ஒரு குடும்பத்தையே அழைத்து வருகிறது. நீர் வந்து சேரும் வரத்துக்கால், நீரைத் தடுத்து நிறுத்தும் கரை, நீர் பரந்து நிற்கும் உள்வாய், வயலுக்கு நீர்விடும் மடை, மிகுநீர் வழியும் கலுங்கு, வழிந்த நீர் செல்லும் மறுகால் என எல்லாம் அதன் உறுப்புகள். ஒரு கண்மாயின் மறுகாலே அடுத்த கண்மாயின் வரத்துக்கால். ஆகவே மேலூர்க்காரன் கலுங்கை உயர்த்தினால் கீழூர்க்காரன் வயல் காயும். இந்தச் சொற்களை அறிந்தவன் தன் உரிமையையும் அறிவான், அயலானின் உரிமையையும் அறிவான்.

டேங்க் என்னும் சொல்லிலோ வரத்து இல்லை. அதற்கு மூடி உண்டு, குழாய் உண்டு, நிரப்புவதற்கு மோட்டார் உண்டு. நீர் எங்கிருந்து வருகிறது, மிகுந்தால் யாருக்குப் போகிறது என்ற இரண்டு கேள்விகளும் அச்சொல்லில் எழுவதே இல்லை. காலியானால் யாரோ நிரப்புவார்கள். நிரப்பாவிட்டால் லாரி வரும். கண்மாயையும் இப்படி ஒரு பாத்திரமாக எண்ணப் பழகியவனுக்கு, வரத்துக்காலில் வீடு கட்டுவது குற்றமாகத் தோன்றாது. தண்ணீர் இல்லாத பாத்திரத்தை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவது அவனுக்குச் சிக்கனமாகவே தோன்றும்.

இது வெறுங் கற்பனை என்பார் சென்னைக்குச் செல்லட்டும். நுங்கம்பாக்கத்தையும் மாம்பலத்தையும் அடுத்து ஒரு காலத்தில் நீண்டு கிடந்தது பெரியதோர் ஏரி. 1920களில் அதன் ஒரு பகுதியைத் தூர்த்துத் தியாகராய நகர் எழுந்தது. ஏரி நிலத்திலேயே 1976இல் வள்ளுவர் கோட்டமும் திறக்கப்பட்டது. இன்று அங்கே நீர் இல்லை. ஆனால் 'டேங்க் பண்ட் ரோடு' இருக்கிறது, 'லேக் வியூ ரோடு' இருக்கிறது. ஏரியைப் பறிகொடுத்துவிட்டுப் பெயர்ப்பலகையைப் போற்றும் இந்நிலை விருதுநகர் மாவட்டத்துக்கும் வர வேண்டுமா? தமிழகத்தில் ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய்கள் உள்ளன என்று அரசுக் கணக்கு கூறுகிறது. கணக்கில் இருப்பதெல்லாம் களத்தில் இருக்கின்றனவா என்று கேட்க வேண்டியவர்கள் நாமே.

இனி ஹவுழுக்கு வருவோம். நம் மதரஸாவில் ஓதும் ஃபிக்ஹு நூல்கள் தஹாரத் என்னும் தூய்மைப் பாடத்தில்தான் தொடங்குகின்றன. அப்பாடத்தின் வாயிலில் நிற்பது நீரின் வகைகள். ஓடும் நீர் வேறு, தேங்கிய நீர் வேறு. மிகுந்த நீர் வேறு, குறைந்த நீர் வேறு. ஷாபிஈ மத்ஹபினர் இரண்டு குல்லத் என்று அளவு கூறுவர். ஹனபி மத்ஹபினர் பத்து முழத்துக்குப் பத்து முழம் என்பர். கிணற்றுக்குத் தனிச் சட்டம், ஹவுழுக்குத் தனிச் சட்டம். நீரைக் குறித்து இத்துணை நுட்பமாகப் பிரித்துணரப் பயின்ற சமுதாயம், உளூச் செய்யும் நீருக்கும் மலக்குழிக்கும் ஒரே பெயர் வைத்துப் பேசுவது பொருத்தமா என்று சிந்திக்க வேண்டும்.

பெயரோடு பொருளும் போகிறது. பல ஊர்களில் ஹவுழைத் தூர்த்துத் தளம் போட்டு, மேலே தொட்டி ஏற்றி, வரிசையாகக் குழாய் வைத்துவிட்டனர். வசதி என்றனர். முதியோர்க்கு வசதிதான்; மறுக்கவில்லை. ஆனால் ஹவுழில் நீர் இறங்கினால் ஜமாஅத் முழுவதும் அதைக் கண்ணால் கண்டது. ஒரு படி இறங்கிற்று, இரண்டு படி இறங்கிற்று என்று சிறுவனும் அறிந்தான். கை தானே சிக்கனமாயிற்று. மாடித் தொட்டியின் வயிறு யாருக்கும் தெரிவதில்லை. இரு கைகள் சேர்ந்து ஏந்தும் அளவு நீரில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உளூச் செய்தார்கள் என்று ஹதீதில் படிக்கிறோம். குழாயைத் திறந்துவிட்டுக் கொண்டே அண்டை வீட்டுச் செய்தியும் பேசுகிறோம்.

"ஹவுழும் அயற்சொல்தானே? அரபியை ஏற்கும் நீர் ஆங்கிலத்தை ஏன் வெறுக்கிறீர்?" என்று கேட்பர். நியாயமான கேள்வியே. நான் எம்மொழியையும் வெறுக்கவில்லை. ஹவுழ் என்னும் சொல் நம்மிடம் வந்தபோது தன் சட்டத்தையும் ஒழுக்கத்தையும் உடன் கொண்டு வந்தது. எந்தத் தமிழ்ச் சொல்லையும் விரட்டவில்லை. ஸ்பெயினைப் பாருங்கள். அந்நாட்டார் வாய்க்காலை இன்றும் 'அஸேக்கியா' என்கின்றனர். நம் அரபியின் 'ஸாகியா'தான் அது. வலென்சியா நகரில் வாய்க்கால் வழக்குகளைத் தீர்க்கும் உழவர் மன்றம் இன்றும் வியாழக்கிழமைதோறும் கூடுகிறது. முஸ்லிம்கள் ஆண்ட காலத்திலேயே அது தோன்றியது என்பது அவர்களுடைய மரபு. 2009இல் யுனெஸ்கோவும் அதைப் பாராட்டிப் பட்டியலில் சேர்த்தது. சொல்லைக் கடன் வாங்கியவர்கள் அதனுடன் வந்த கடமையையும் காத்தனர். இவ்வாறு வரும் சொல்லுக்கு நம் வாயிலும் திறந்தே இருக்கிறது. டேங்க் கொண்டு வந்த கடமை எது? யாரேனும் கூறட்டும்.

மாடித் தொட்டியை டேங்க் என்றே சொல்லுங்கள். அதனால் யாருக்கும் நட்டமில்லை. கண்மாயைக் கண்மாய் என்றும், ஊருணியை ஊருணி என்றும், ஹவுழை ஹவுழ் என்றும் பிள்ளைகள் முன் சொல்லுங்கள். விடுமுறை நாளில் அவர்களைக் கரைமேல் அழைத்துச் சென்று மடை எது, கலுங்கு எது, வரத்துக்கால் எத்திசையிலிருந்து வருகிறது என்று காட்டுங்கள். காட்ட முடியாதபடி வரத்துக்கால் அடைபட்டிருந்தால், அன்றே ஜமாஅத்தாரும் அக்கம்பக்கத்து ஊராரும் கூடி வட்டாட்சியருக்கு மனு எழுதுங்கள். அந்த மனுவில் டேங்க் என்று எழுதாதீர்கள். கண்மாயின் பெயரைச் சொல்லி, வரத்துக்காலின் பெயரையும் சொல்லி எழுதுங்கள்.