சில்லறையில் சிங்கம், கடலில் திமிங்கிலம்

திருகோணமலையில் பிரட்றிக் கோட்டை வாசலைத் தாண்டிக் கோணேசர் கோயிலுக்கு ஏறுகிறவர்களைப் பெரும்பாலும் மறிப்பது புள்ளிமான்தான். கையில் வாழைப்பழம் இருந்தால் கூச்சமில்லாமல் கிட்ட வரும். பழம் வாங்கிய மிச்சக் காசு சட்டைப்பையில் கிடக்கிறது. அதிலும் ஒரு விலங்கு உண்டு: அரச இலச்சினையில் வாளேந்தி நிற்கும் சிங்கம். இலங்கைக் காடுகளில் எங்கே தேடினாலும் அகப்படாத விலங்கு!

நாணயத்தாள்களுக்கு இந்த வறட்சி இல்லை. 1979-இல் மத்திய வங்கி உயிரினங்களையும் தாவரங்களையும் வைத்து ஒரு தொடரே வெளியிட்டது. வரைந்தவர் ஓவியர் லக்கி சேனநாயக்க. 2011-இல் வந்த தொடரில் தாளுக்கொரு பறவை. இருபது ரூபாத் தாளின் சிற்றாந்தை 2004-இல்தான் புதிய இனமாக அறிவியலில் பதிவானது. ஆனால் அந்தப் பறவைகளில் பெரும்பாலானவை ஈரவலயத்துக்கும் மலைநாட்டுக்கும் உரியவை. குச்சவெளி மீனவருக்கு அவை வெறும் படம்.

நாணயக் குற்றிக்கு மட்டும் ஏன் இந்தக் கஞ்சத்தனம்? 1800களின் தொடக்கத்திலேயே வெள்ளைக்காரர் இலங்கைச் செப்புக்காசில் யானையை அடித்தார்கள். அவுஸ்திரேலியா 1966-இல் ஐந்து சதத்தில் எக்கிட்னாவையும் இருபது சதத்தில் பிளாட்டிபஸையும் பொறித்தது. இன்றும் அவை கடைகளில் கைமாறுகின்றன. பிரித்தானியா 2023-இல் இரண்டு பென்ஸில் செவ்வணிலையும் ஐம்பது பென்ஸில் சால்மன் மீனையும் கொண்டுவந்தது.

இந்தியாவின் அனுபவம் வேறு. அங்கே காண்டாமிருகம் ஏறியது 25 பைசாவில். 2011 ஜூன் இறுதியோடு அந்தக் காசே செல்லாமல் போனது, மிருகமும் கூடவே போனது. ஆகவே நாமும் ஒரு விலங்கைக் குற்றியில் ஏற்றுவதானால், ஒரு ரூபாவிலோ இரண்டு ரூபாவிலோ பொறித்துப் பயனில்லை. பத்து ரூபாக் குற்றிதான் பொருத்தம். செலவு என்று கைவிரிக்கவும் முடியாது: 2013-இல் 25 மாவட்டங்களுக்கும் தனித்தனியே பத்து ரூபாக் குற்றி வெளியிட்ட மத்திய வங்கி இது.

எந்த விலங்கு? புள்ளிமானுக்கு ஊரில் ஆதரவு அதிகம். ஆனால் குப்பையில் பொலித்தீன் பையை மென்று நிற்கும் மானை முதலில் கவனிக்க வேண்டும். காசில் பொறிப்பது பிறகு.

நீலத்திமிங்கிலம்தான் சரி. ஆழ்கடல் பள்ளத்தாக்கு ஒன்று கரைக்கு இத்தனை கிட்ட வருவதால், துறைமுகத்துக்கு வெளியே அதிக தூரம் ஓடாமலே அதைக் காண வாய்ப்புண்டு. 1980களில் 'டூலிப்' பாய்க்கப்பலில் வந்த ஆய்வாளர்கள் இந்தக் கடலில்தான் அவற்றைப் பின்தொடர்ந்தார்கள். உலகின் மிகப் பெரிய விலங்கைப் பதினொரு பக்கக் குற்றிக்குள் எப்படி அடக்குவது என்று சிற்பி தலையைச் சொறிய வேண்டாம். படகில் போகிறவர்களும் முழு உடலைப் பார்ப்பதில்லை. மூழ்கும்போது நீருக்கு மேலே விரியும் வாலைத்தான் பார்க்கிறார்கள். அந்த வால் போதும்.