வயிற்று வலியில் சில அபூர்வங்கள்

"வயிற்றை வலிக்கிறது" என்று வீட்டில் ஒருவர் சொன்னால் போதும். மற்ற எல்லோரும் உடனே வைத்தியர்களாகி விடுகிறார்கள். பாட்டி ஓமக் கஷாயம் வைக்கிறாள். தகப்பனார் நேற்றுத் தின்ற பஜ்ஜியின் மேல் குற்றம் சுமத்துகிறார். அநேகமாக இந்த வைத்தியம் பலித்தும் விடுகிறது. பெரும்பாலான வயிற்று வலிகள் தாமாக வந்து தாமாகவே போகிறவை.

ஆனால் மாதக் கணக்கில் விடாமல் தொடரும் வலியும் உண்டு. ரத்தப் பரிசோதனை, இரைப்பைக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனை எல்லாம் முடிந்து, 'ஒன்றுமில்லை' என்ற சீட்டுடன் நோயாளி வீடு திரும்புகிறார். நோயாளி மருமகளாக இருந்துவிட்டாலோ, 'வேலைக்குக் கள்ளம்' என்ற பட்டமும் சேர்ந்து கொள்கிறது. 'ஒன்றுமில்லை' என்பது வேறு, 'ஒன்றும் தென்படவில்லை' என்பது வேறு. இந்த வித்தியாசத்தை விளக்க மூன்று உதாரணங்கள் சொல்லுகிறேன்.

முதலாவது, வயிற்றுக்குள் இல்லாத வயிற்று வலி. வயிற்றின் முன்புறத் தசைச் சுவரை ஊடுருவி வரும் சிறு நரம்பு ஒன்று நெருக்குண்டால், விரல் நுனி அளவு இடத்தில் தீராத வலி உண்டாகும். இதைக் கண்டு பிடிக்க யந்திரம் எதுவும் வேண்டியதில்லை. 1926-ஆம் வருஷத்தில் அமெரிக்க ரண சிகிச்சை நிபுணர் கார்னெட் சொன்ன உபாயமே போதும். நோயாளியை மல்லாந்து படுக்கச் செய்து, வலிக்கும் இடத்தில் வைத்தியர் விரலை அழுத்தி, தலையைத் தூக்கச் சொல்லுகிறார். தசை இறுகும்போது உள்ளுறுப்புகள் அதன் பின்னால் மறைந்து விடுகின்றன. அப்போது வலி குறையாமல் அதிகரித்தால், குற்றவாளி குடல் அல்ல, சுவரே. முதலில் மரத்துப் போகும் மருந்தை ஊசி மூலம் செலுத்துவார்கள்; அது நிலைக்காவிடில் அந்த நரம்பைக் கத்தரிப்பார்கள். 2013-ல் வெளியான நெதர்லாந்து ஆராய்ச்சி ஒன்றில், நரம்பு கத்தரிக்கப்பட்ட 22 பேரில் 16 பேருக்குக் குணம் தெரிந்தது; தோலை மட்டும் கீறித் தைத்த 22 பேரில் 4 பேருக்கே தெரிந்தது.

இரண்டாவது, பிறவியிலேயே தங்கிவிட்ட ஒரு சிறு பை. தாயின் கர்ப்பத்தில் சிசுவின் குடலோடு இணைந்திருக்கும் ஒரு குழாய், பிறக்கு முன்பே மறைந்துவிட வேண்டும். 100-க்கு 2 பேருக்கு அதன் அடிப்பாகம் சிறுகுடலில் பையாக நின்று விடுகிறது. அதன் உற்பத்தியை 1809-ல் விளக்கிய ஜெர்மானியப் பண்டிதர் மெக்கெல் என்பவரின் பெயராலேயே அதை அழைக்கிறார்கள். பெரும்பாலோர் அது இருப்பதை அறியாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள். சிலருக்கு மட்டும் அந்தப் பைக்குள் இரைப்பையின் திசு அமைந்து, அமிலம் சுரந்து, பக்கத்துக் குடலைப் புண்ணாக்குகிறது. குழந்தைக்கு மலத்தில் ரத்தம் போகிறது. வேறு சிலருக்கு அது வீங்கி, குடல்வால் நோயைப் போலவே வேஷம் போடுகிறது. ஆகையால், குடல்வாலை எடுக்க வயிற்றைத் திறந்து, அது ஆரோக்கியமாக இருக்கக் கண்டால், தேர்ந்த நிபுணர் அத்துடன் மூடிவிட மாட்டார். சிறுகுடலை 2 அடிக்கு மேலும் பின்னோக்கித் தேடுவார். பையை அகற்றினால் தொல்லை தீர்ந்தது.

மூன்றாவதுதான் மிகவும் விசித்திரமானது. மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தில், மகா நாடிக்கு முன்னால் வளைவாக ஒரு நார்ப்பட்டை இருக்கிறது. சிலருக்கு அது சற்றுத் தாழ்ந்து, இரைப்பைக்கும் கல்லீரலுக்கும் ரத்தம் கொண்டு போகும் குழாயையும் அதைச் சுற்றிய நரம்புகளையும் அழுத்துகிறது. சாப்பிட்டவுடன் மேல் வயிற்றில் வலி, அந்தப் பயத்தால் ஆகாரம் குறைகிறது, உடம்பு இளைக்கிறது. நடு வயதுக்கு உட்பட்ட ஸ்திரீகளிடமே இது அதிகம். 1963-ல் பின்லாந்தில் ஹர்யோலாவும், 1965-ல் அமெரிக்காவில் டன்பரும் அவருடைய சகாக்களும் இதை வர்ணித்தார்கள். மூச்சை வெளியே விடும்போது அழுத்தம் அதிகமாவதை டாப்ளர் பரிசோதனையில் காணலாம். சிறு துவாரங்கள் வழியாகவே அந்தப் பட்டையை இன்று அறுத்து விடுகிறார்கள்.

ஆனால் அவசரம் கூடாது. யாதொரு வலியுமில்லாத பலரிடமும் இதே அழுத்தம் படத்தில் தெரிகிறது! எனவே மற்றக் காரணங்கள் எல்லாவற்றையும் விலக்கிய பிறகே கத்தியை எடுக்க வேண்டும். எடுத்தும் சிலருக்குக் குணம் ஏற்படுவதில்லை.

வாசகர்கள் செய்ய வேண்டியது என்ன? வலி எந்த இடத்தில், எந்த வேளையில், சாப்பிடுமுன்னா பின்னா, எப்படிப் படுத்தால் தணிகிறது என்று குறித்து வையுங்கள். எந்தப் படத்தையும்விடச் சில சமயம் அந்தக் குறிப்பே வைத்தியருக்கு வழி காட்டும். இளைப்பு, மலத்தில் ரத்தம், ஓயாத வாந்தி, பலகைபோல் இறுகிய வயிறு — இவை கண்டால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. கடுமையான வலிக்குக் காரணம் தெரியுமுன் விளக்கெண்ணெய் புகட்டாதீர்கள். உள்ளே குடல்வால் வீங்கியிருந்தால் அது உடைந்து போகக்கூடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வலிக்கிறது என்று சொல்பவளை முதலில் நம்புங்கள். அதற்கு ஸ்கானும் வேண்டாம், செலவும் இல்லை.