நோய் கோழிக்கு, மருந்து கூண்டுக்கு

கோழிச் செல்லைப் பற்றியும் ஒரு கட்டுரையா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். கொல்லையில் நாலு கோழி வைத்திருப்பவர்கள் சிரிக்க மாட்டார்கள். அடையில் உட்கார்ந்த கோழி பதினைந்தாம் நாள் முட்டைகளை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்து நிற்பதை அவர்கள் பார்த்திருப்பார்கள். முட்டை எடுக்கக் கூடைக்குள் விட்ட கை முழங்கை வரை ஊறுவதும் அவர்களுக்குத் தெரியும்.

சில வருடங்களாகப் புதுச்சேரியில் எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. செல்லைக் கண்டதும் உரக்கடைக்கு ஓடுகிறார்கள். கத்தரிக்கும் நெல்லுக்கும் அடிக்கிற பூச்சிமருந்தை வாளித் தண்ணீரில் கலந்து, கோழியின் காலைப் பிடித்து முக்கி எடுக்கிறார்கள். போன வருடம் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இப்படிக் குளிப்பாட்டினார்கள். பெரிய கோழிகள் தப்பித்தன, குஞ்சுகள் ஒன்பதும் விடிவதற்குள் செத்துப்போயின. குஞ்சுகள் போனதைவிட எனக்குக் கவலை தந்தது, தப்பித்த பெட்டைகளின் முட்டையை மறுநாளே பேரப்பிள்ளைக்கு அவித்துக் கொடுத்ததுதான்.

என் கருத்து ஒன்றுதான். செல்லு பெரும்பாலும் கோழியின் வியாதியல்ல, கூண்டின் வியாதி. அங்கே பார்க்க வேண்டிய வைத்தியத்தை இங்கே பார்த்தால், பூச்சியும் சாகாது, நம் சாப்பாட்டிலும் விஷம் சேரும்.

நாம் செல்லு என்று பொதுவாகச் சொல்வதில் பல சாதி உண்டு. கோழிப்பேன் ஆறு கால் பூச்சி. இரவும் பகலும் கோழியின் உடம்பிலேயே கிடந்து இறகையும் தோல் செதிலையும் தின்னும். சிவப்புச் செல்லு வேறு. வளர்ந்த செல்லுக்கு எட்டுக் கால், சிலந்திக்கும் உண்ணிக்கும் உறவு. பிரெஞ்சில் இதைப் ‘பூ ரூழ்’ என்பார்கள், சிவப்புப் பேன் என்று பொருள். நமக்குப் பூ தலையில் வைப்பது, அவர்களுக்குப் பூ தலையில் ஊர்வது! பெயர் வைத்தவர் கால்களை எண்ணிப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

இந்தச் சிவப்புச் செல்லு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. பசியில் சாம்பல் நிறம், இரத்தம் குடித்தபின் சிவப்பு. பகலில் கோழியின் மேல் தேடினால் அநேகமாகக் கிடைக்காது. மரச்சட்டத்தின் இடுக்கிலும், மூங்கில் பிளவிலும், கோணிப்பையின் மடிப்பிலும் ஒளிந்திருக்கும். இரவில் கோழி அடைந்தபின் ஏறிவந்து குடித்துவிட்டுத் திரும்பவும் இடுக்குக்குப் போய்விடும். வெப்பமான நாட்களில் முட்டையிலிருந்து வளர்ந்த செல்லாக ஒரு வாரம் போதும். குளிர்ந்த இடமானால் பல மாதம் பட்டினி கிடந்தும் பிழைக்கும். ஆகவே பகலில் கோழியைப் பிடித்து மருந்தில் முக்குவது, திருடன் போனபின் வீட்டுக்காரனை அடிப்பது போலத்தான்.

சந்தேகம் இருந்தால் இரவு ஒன்பது மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள். கோழி ஏறி உட்காரும் கழியின் அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியால் அழுத்தித் துடையுங்கள். துணியில் இரத்தக் கறை பட்டால் செல்லு இருக்கிறது. கொண்டை வெளுப்பதும், முட்டை குறைவதும், பொழுது சாய்ந்தும் கோழி கூண்டுக்குள் போக மறுத்து மரத்தில் ஏறுவதும் மற்ற அடையாளங்கள்.

பூச்சிமருந்தால் என்ன வந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு 2017ஆம் ஆண்டை நினைவூட்டுகிறேன். அந்த வருடக் கோடையில் நெதர்லாந்து, பெல்ஜியம் நாடுகளின் கோழிப்பண்ணைகளில், இதே சிவப்புச் செல்லை ஒழிக்க அடித்த மருந்தில் ஃபிப்ரோனில் கலந்திருந்தது தெரியவந்தது. நம் ஊரில் நெல்லுக்கும் கரும்புக்கும் அடிக்கிற மருந்து, நாய் உண்ணிக்கும் போடுவார்கள். உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்கு அங்கே அதற்கு அனுமதி இல்லை. அது முட்டைக்குள் போய்விட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட பண்ணைகளை மூடினார்கள், லட்சக்கணக்கான முட்டைகளை அழித்தார்கள், பிரான்சிலும் கடைகளிலிருந்து முட்டையை எடுத்தார்கள். அங்கே சோதனைச் சாலை இருந்தது, கண்டுபிடித்தார்கள். நம் கொல்லை முட்டையை யார் சோதிக்கிறார்கள்? நாட்டுக்கோழி முட்டை சுத்தமானது என்று நம்பி இரட்டிப்பு விலை கொடுக்கிறார்கள். அந்த நம்பிக்கையைக் காப்பது வளர்ப்பவரின் கடமை.

உடனே ‘பழைய முறையே போதும்’ என்று சிலர் சொல்வார்கள். பழசெல்லாம் சாதுவும் அல்ல. புகையிலை ஊறிய தண்ணீரில் கோழியைக் குளிப்பாட்டுவது பழைய முறைதான். புகையிலையின் நிகோட்டின் தோல் வழியே ஏறும் விஷம். மண்ணெண்ணெயை இறகில் தடவுவதும் அப்படியே, தோல் வெந்துபோகும். ஆனால் பழைய முறையில் இரண்டு தங்கமானவை: சுண்ணாம்பும் சாம்பலும்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். காலையில் கோழிகளை வெளியே விட்டு, கூண்டிலுள்ள வைக்கோல், கோணி எல்லாவற்றையும் கொளுத்துங்கள். கழிகளைக் கழற்றி வெயிலில் போடுங்கள். பிளந்த மூங்கிலானால் மாற்றிவிடுங்கள், இடுக்கில்லாத வழவழப்பான கழியே நல்லது. சட்டங்களின் மூலைமுடுக்கெல்லாம் கொதிக்கும் தண்ணீரை ஊற்றிச் சோப்புத் தண்ணீரால் தேயுங்கள். காய்ந்தபின் இடுக்குகளை அடைத்துச் சுண்ணாம்பு அடியுங்கள். சுண்ணாம்பு நன்றாகக் காய்ந்த பிறகுதான் கோழியை உள்ளே விட வேண்டும். கூண்டுக்குக் கால் இருந்தால், ஒவ்வொரு காலையும் எண்ணெய் ஊற்றிய தகர டப்பாவில் நிறுத்துங்கள், கீழேயிருந்து ஏறுவது நிற்கும்.

இதில் பலரும் கோட்டை விடுவது ஓர் இடத்தில்தான். ஒருமுறை செய்துவிட்டு முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். செல்லின் முட்டை பிழைத்துக்கொண்டு, அடுத்த வாரமே புதுப்படை கிளம்பும். ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை, குறைந்தது மூன்று தடவை செய்தால்தான் வேரறும்.

கோழிக்கு வேண்டியது மண்குளியல். நிழலான இடத்தில் ஒரு குழி, அதில் உலர்ந்த மணலும் சலித்த விறகுச் சாம்பலும். தானே புரண்டு தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். அடைக்கோழிக்கு மட்டும் தனிக் கவனம் வேண்டும். அது எழுந்து போய்ப் புரள்வது குறைவு; உடம்பிலும் கூடையிலும் பகலிலேயே தங்கும் வேறொரு வகைச் செல்லும் உண்டு. அடை வைக்கும் முன்பே கூடையைக் காயவைத்துப் புதுவைக்கோல் போடுங்கள். வாங்கிவந்த புதுக்கோழியை இரண்டு வாரம் தனியே வையுங்கள்.

இத்தனைக்கும் அடங்காவிட்டால் கால்நடை மருத்துவரிடம் போங்கள். நம் புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாப்பேட்டையிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மருந்து கொடுத்தால், எத்தனை நாள் முட்டை சாப்பிடக்கூடாது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உரக்கடையில் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது.

‘இதற்கெல்லாம் நேரம் எங்கே இருக்கிறது’ என்பார்கள். மூன்று காலை வேளைதான் ஆகும். என்னைப் போன்ற பென்ஷன்காரர்களுக்கு அதைவிட உபயோகமான வேலை என்ன இருக்கிறது? முடியாதவர்கள் கோழியைக் குறைத்துக்கொள்ளலாம், விஷத்தைக் கூட்ட வேண்டாம். பேரப்பிள்ளை தட்டில் வைக்கும் முட்டை எந்தக் கூண்டிலிருந்து வந்தது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.