கினபாலுவின் சாய்ந்த பாறை



சபாவின் கினபாலு மலை 4,095 மீட்டர் உயரம். "நமக்கு எட்டாது" என்று ஒதுங்கிவிடாதீர்கள். வழக்கமான பாதையில் உச்சிப்பாறை செங்குத்துச் சுவரல்ல. சாய்த்துப் போட்ட கருங்கல் தளம். சொரசொரப்பான கல், காய்ந்திருந்தால் காலை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். வழி தவறாமலிருக்க வெள்ளைக் கயிறு கிடக்கிறது.

3,272 மீட்டரில் உள்ள பனலாபானில் தங்கி, விடியற்காலை இரண்டரை மணி வாக்கில் தலைவிளக்கோடு கிளம்ப வேண்டும். இருட்டில் எழுந்து மரம் வெட்டப் போன நமக்கு இதுவா பெரிது!

சிரமம் அனுமதியில்தான். நாளொன்றுக்கு இத்தனை பேர் என்று கணக்கு உண்டு. அனுமதிச் சீட்டும் உள்ளூர் வழிகாட்டியும் இல்லாமல் மேலே விடமாட்டார்கள். சயாட் சயாட் சாவடியில் கழுத்து அட்டையையும் பார்ப்பார்கள். கனமழை என்றால், திரும்பு என்பார்கள். பணம் கட்டி, லீவு போட்டு வந்தவருக்கு வயிறு எரியத்தான் செய்யும்.

ஆனால் அந்தப் பாறையில் நீரைக் குடிக்க மண் ஏது? பெய்ததெல்லாம் அப்படியே வழிந்து, நடந்த வழியே ஓடையாகிவிடும். மழை நாளில் மண்டோர் வெட்டு இல்லை என்றால் நாம் வாதாடுவோமா? அங்கே நஷ்டம் பால்தான். இங்கே?

2015 ஜூன் 5-ஆம் தேதி நிலநடுக்கத்தில் இம்மலையில் 18 பேர் மாண்டார்கள். சிங்கப்பூர்ப் பள்ளிப் பிள்ளைகளும் வழிகாட்டிகளும் அதில் அடக்கம். வழிகாட்டி சொன்னால் சாவடியிலேயே திரும்பிவிடுங்கள்.

அடையாள அட்டையை மறக்காதீர்கள். தீபகற்பத்திலிருந்து சபாவுக்குள் நுழையவே அது வேண்டும்.