மணத்தி கணேசனும் நம் மறதியும்

கபடி என்றதும் நம்ம பசங்களுக்கு நினைவுக்கு வருவது 2014-ல் தொடங்கிய புரோ கபடியும் அதன் ஏலத் தொகையும்தான். அதற்கு 20 வருடம் முன்பே, 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடியவர் தூத்துக்குடி மாவட்டம் மணத்தி கிராமத்துக் கணேசன். 1995-ம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதும் வாங்கியவர். சாதி மோதல்கள் நிறைந்த தென்மாவட்டத்திலிருந்து, கபடி ஒன்றையே பிடித்துக்கொண்டு மேலே வந்தவர்.

நம்மில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்? 2025-ல் மாரி செல்வராஜ் அவர் வாழ்க்கையைத் தழுவி 'பைசன்' எடுத்த பிறகுதானே கூகுளில் தேடினோம்!

பி.காமில் தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. விளையாடுகிறவரின் உடம்பு தேய்வது இயற்கை. ஆனால் அவர் பெயருக்கும் தேய்மானம் போட்டது நாம்தான்.

எங்கள் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் தை அறுவடை முடிந்தால் காய்ந்த வயலில் கோடு கிழித்து இறங்குகிற பையன்கள் இருக்கிறார்கள். நடவு வந்தால் அந்த மைதானமும் போய்விடும். அவர்களுக்கு வேண்டியது சினிமா இல்லை. வருடம் முழுக்க ஒரு மைதானம், ஒரு பயிற்சியாளர், ஆடி முடித்த பிறகு ஒரு வேலை. கணேசனுக்கு நாம் செய்யும் மரியாதை அதுதான் என்பேன். நீங்க என்ன சொல்றீங்க?