குட்டி யானைக்கு ஏன் கூடுதல் பட்டை?

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து ராஜபாளையம் போகும் சாலையில் சிறிது நேரம் நின்று பாருங்கள். நூல் மூட்டை, சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி, தேங்காய், மாம்பழம், பால்கோவா என்று எத்தனையோ சரக்குகளைச் சின்ன லோடு வண்டிகள் சுமந்து போகின்றன.

2005-ம் ஆண்டில் டாட்டா கம்பெனியின் "ஏஸ்" வண்டி வந்தது. நம் மக்கள் அதற்குக் "குட்டி யானை" என்று செல்லப் பெயர் வைத்தார்கள். முதலில் வந்த வண்டிக்கு உரிய பாரம் 750 கிலோ.

ஆனால் சிலர் அதோடு விடுவது இல்லை. "பின்னால் இரண்டு பட்டை கூட்டிப் போட்டால், இன்னும் அரை டன் ஏற்றலாம்" என்கிறார்கள்.

இது சரியா? சரி அல்ல!

பட்டையின் வேலை

வண்டியின் அடியில், வில் போல் வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டி இருப்பார்கள். பாரத்தைத் தாங்குவதும், குண்டு குழியில் விழும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதும் அதன் வேலை.

காலி வண்டியின் பின்பக்கம் சற்றுத் தூக்கி நிற்கும். அது குறை அல்ல. பாரம் ஏறியதும் வண்டி சமமாக நிற்க வேண்டும் என்றே அப்படிச் செய்கிறார்கள். அமெரிக்காவில், காலி வண்டியே சமமாகத் தெரிய வேண்டும் என்று முன்பக்கத்தை உயர்த்துகிறவர்கள் உண்டு. அதற்குத் தனிச் சாமான்களே விற்கிறார்கள். அப்படி உயர்த்திய வண்டியில் பாரம் ஏற்றினால் முன்பக்கம் மேலே தூக்கும். விளக்கு வெளிச்சம் எதிரே வருகிறவரின் கண்ணில் அடிக்கும்.

ஏமாறும் பிரேக்

பட்டையைக் கூட்டினால் வண்டி தாழாது. ஆனால் பிரேக்கும், டயரும், அச்சும் பழைய பலத்தில்தானே இருக்கின்றன? பாரம் கூடிய வண்டி, பிரேக் போட்ட பிறகும் வெகுதூரம் ஓடித்தான் நிற்கும்.

சில வண்டிகளில், பின்பக்கம் எவ்வளவு தாழ்கிறது என்பதைப் பார்த்துப் பின் பிரேக்குக்கு அழுத்தம் கொடுக்கும் கருவி உண்டு. பட்டை விறைத்து நின்றால் "வண்டி காலி" என்று அது ஏமாந்துபோகும். பின் பிரேக் சரியாகப் பிடிக்காது.

சட்டமும் விடாது. பட்டை கூடியதால் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எடை கூடிவிடாது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, அதிக பாரத்துக்கு அபராதம் 20 ஆயிரம் ரூபாய். மிகுதியாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2 ஆயிரம் ரூபாய்.

என்ன செய்யலாம்?

பழைய பட்டை தளர்ந்தாலோ, வெடித்தாலோ மாற்றத்தான் வேண்டும். கம்பெனி சொன்ன அதே அளவில், இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். சமதரையில் நிறுத்தி இரு பக்க உயரத்தையும் அளந்து பாருங்கள். சில நாள் ஓடிய பிறகு, பட்டையைப் பிடிக்கும் போல்ட்டுகளை மறுபடியும் முடுக்கச் சொல்லுங்கள்.

வண்டிக்காரரை மட்டும் குறை சொல்வது நியாயம் அல்ல. கடனுக்கு வண்டி வாங்கியவர், வந்த வாடகையை எப்படி விடுவார்? ஒரு நடைக் கூலி மிச்சம் என்று நினைப்பவர் சரக்குக்காரர். அபராதம் கட்டுவதும், உயிரைப் பணயம் வைப்பதும் வண்டிக்காரர்!

ஆகவே, சரக்கு அனுப்பும் முதலாளிகளே! வண்டி தாங்கும் பாரத்தை மட்டும் ஏற்றுங்கள். மீதிக்கு இன்னொரு நடைக் கூலி கொடுங்கள். வண்டிக்காரர் இரவில் பத்திரமாக வீடு திரும்பட்டும்.